கோயில் பூட்டின காலத்திலயும் திருநாள் நடந்ததுதானே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட வாசகர் கடிதம் பகுதியில ஒரு ஐயா எழுதியிருந்தார், கொரோனா நேரம் கோயிலையும் பள்ளியையும் சேர்ச்சையும் பூட்டினது தெய்வத்தை அவமதிச்ச வேலை, இனி ஒருக்கா அப்பிடி ஒரு நோய் வந்தா என்ன நடந்தாலும் பூட்ட விடக்கூடாது, அந்தப் பாவத்தைத்தான் நாடு இண்டைக்கும் அனுபவிக்குது எண்டு. அவர்ட மனவருத்தம் எனக்கு நல்லா விளங்குது. அந்த ரெண்டு வருசமும் கோயில் கேட்டுக்கு வெளியில நிண்டு கோபுரத்தைப் பாத்துக் கும்பிட்டுட்டுத் திரும்பி வந்த ஆக்கள்ல நானும் ஒராள். ஆனா அந்தப் பாவக் கதையை என்னால ஏத்துக்கொள்ள ஏலாது, வாசிச்சுப்போட்டுப் பேசாம இருக்கவும் ஏலாது, அதான் எழுதுறன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், தயவுசெய்து வெட்டாமப் போடுங்கோ.

திருநாளை வீட்டுக்குள்ள வச்சு அனுட்டிக்க எங்களுக்குக் கொரோனாதான் பழக்கினது எண்டு ஆரும் நினைக்கக்கூடாது. எங்கட சைவ வீடுகள்ல ஒரு செத்தவீடு நடந்தா 31 நாளைக்குத் துடக்கு, கோயில் பக்கம் போறேல்ல, அந்த வருசம் தீபாவளி பொங்கலையும் விட்டுடுவம். பிள்ளை பிறந்தாலும் துடக்கு. அம்மை போட்ட வீட்டில வாசல்ல வேப்பிலை செருகி, வெளியாக்களை உள்ளுக்கு எடுக்காம, தலைக்குத் தண்ணி வாக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளையை வீட்டோட வச்சிருப்பினம், அம்மன் அந்த வீட்டிலயே வந்து இருக்கிறா எண்டுதான் பெரியாக்கள் சொல்லுவினம், அந்த நாள்கள்ல கும்பிடுறதெல்லாம் அந்தப் பாய்க்குப் பக்கத்திலதான். நோய் இருக்கிற வீடு விலகி இருக்கிறது அம்மனுக்குச் செய்யிற மரியாதை எண்டு வாழ்ந்த சனம் நாங்கள், இப்ப அதையே பாவம் எண்டா எப்பிடி?

பூசலார் நாயனார் கதை தெரியாத சைவப் பிள்ளை இருக்காது. திருநின்றவூர்ல இருந்த மனுசன், கோயில் கட்டக் காசில்ல, மனசுக்குள்ளயே அத்திவாரம் போட்டு மதில் கட்டி கோபுரம் எழுப்பிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் வச்சார். அதே நாளிலதான் காஞ்சிபுரத்தில பல்லவ ராசா தான் கட்டின கற்கோயிலுக்கும் நாள் வச்சிருந்தான், சிவபெருமான் ராசான்ட கனவில போய், நாளைக்கு நான் பூசலார்ட கோயிலுக்குப் போகவேணும், நீ உன்ட நாளைத் தள்ளிப் போடு எண்டு சொன்னாராம். அப்பிடிப்பட்டவரை நாயன்மார் வரிசையில வச்சுக் குருபூசை செய்யிற நாங்கள், வாசல் கதவு பூட்டினதால கடவுள் கோவிச்சுக்கொண்டு போட்டார் எண்டு சொல்லலாமோ?

இன்னொண்டு, கோயிலைப் பூட்டினது எண்டு சொல்லுறதே முழுக்கச் சரியில்ல. பூட்டினது எங்களுக்குத்தான். உள்ளுக்கு ஐயர் விடியக் கதவு திறந்து, அபிஷேகம் செய்து, தீபம் காட்டி, நைவேத்தியம் வச்சு, இரவு நடை சாத்தினவர். ஆகமத்தில தனக்காகச் செய்யிற ஆன்மார்த்தம் வேற, பரார்த்தம் வேற எண்டுதானே இருக்கு, கோயில்ல நடக்கிறது உலகத்துக்காக நடக்கிற பரார்த்த பூசை, நாங்கள் முன்னால நிண்டாலும் நிக்காட்டிலும் அது எங்களுக்காகத்தான் நடக்குது. திருப்பதியிலயே 2020 மார்ச் 20ல இருந்து ஜூன் வரைக்கும் பக்தர்களை உள்ளுக்கு விடேல்ல, ஆனா பெருமாளுக்கு ஒரு நேரப் பூசையும் விடுபடேல்ல. மக்காவில அந்த வருசம் ஹஜ்ஜுக்கு வெளிநாட்டாக்கள் ஒருத்தரையும் எடுக்கேல்ல, சவூதிக்குள்ள இருந்த ஆயிரம் பேரளவில தான் செய்தவை, முந்தின வருசம் அது இருபது லட்சத்துக்கு மேல. அங்கயே அப்பிடி எண்டா வெள்ளவத்தையில நாங்கள் என்ன பெரிய ஆக்கள்.

கொழும்பில நாங்கள் அந்த நாள்களை எப்பிடிக் கொண்டாடினம் எண்டதையும் கொஞ்சம் எழுதிப்போடவேணும், ஏனெண்டா சனம் கெதியா மறக்குது. 2020 மார்ச் 20 வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு ஊரடங்கு போட்டது, கொழும்பில அது மே கடைசி வரைக்கும் இழுத்தது. அதுக்குள்ள சித்திரை வருசப்பிறப்பு வந்துட்டுது. வருசப்பிறப்பெண்டா மருத்துநீர் வேணும், வழமையா கோயில்ல போத்தில்ல தருவினம், வாங்கிக்கொண்டு வந்து தலையில வச்சு முழுகிறது. அந்த முறை கோயிலும் இல்ல, கடையும் இல்ல. என்ட மாமிக்கு வயசு போயிட்டுது, மருத்துநீர் வைக்காம வருசம் பிறக்காது எண்டு நிக்கிற ஆள். கடைசியில அவவே குசினிக்குள்ள வந்து நிண்டா. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, வில்வம், கோரோசனை எண்டு பெரிய லிஸ்ட் சொன்னா, வீட்டில இருந்தது பல்கனிச் சட்டியில துளசி, பிறகு மஞ்சள், மிளகு, சுக்கு, ஒரு கோப்பைப் பால். கீழ் வீட்டாக்கள் காணிக்குள்ள இருந்து ஒரு பிடி அறுகம்புல் பிடுங்கிப் பையில போட்டுக் கதவுப் பிடியில கொழுவிவிட்டுப் போட்டினம். எல்லாத்தையும் போட்டுக் காய்ச்சி வடிச்சு, ஆற வச்சு, பஞ்சாங்கத்தைப் பாத்து, நேரம் வந்தவுடன மாமி எங்கள் எல்லார்ட தலையிலயும் தேச்சுவிட்டா. சின்னனில தன்ட அம்மா வீட்டிலதான் காய்ச்சினவ, கோயில்ல வாங்கிறதெல்லாம் பிறகு வந்த பழக்கம் எண்டு அண்டைக்குத்தான் சொன்னா. இத்தனை வருசம் ஒண்டா இருந்தும் அந்தக் கதையை நாங்கள் கேட்டதே இல்ல.

அதே வருசம் ஒக்டோபர்ல மினுவாங்கொடையிலயும் பேலியகொடை மீன் சந்தையிலயும் நோய் திரும்பத் தொடங்கினது, நவம்பர் 14 தீபாவளி, அதோட ஒட்டினாப்போல கந்தசஷ்டி, 20ஆம் திகதி சூரன்போர். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கமெல்லாம் அப்ப முடக்கத்தில. எங்கட பில்டிங்ல கந்தசஷ்டி பிடிக்கிற அம்மாமார் கொஞ்சப் பேர் இருக்கினம், வழமையா ஆறு நாளும் கோயில்ல இருந்து புராணம் கேட்டு, சூரன்போர் பாத்து, அடுத்த நாள் விடிய விரதம் முடிக்கிற பாறணைக்கு ஒண்டா இருந்து சாப்பிடுற ஆக்கள். அந்த முறை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு கறி எண்டு பிரிச்சு, கதவுக்கு வெளியில ஒரு கதிரை போட்டு அதில கறிச்சட்டியை வச்சிட்டு பெல் அடிச்சிட்டுப் போறது, மற்றவை வந்து எடுக்கிறது. சூரன்போரை லப்டொப்ல பாத்தவை, பாறணையை அவையவை வீட்டில ஒரே நேரத்தில சாப்பிட்டவை. விரதம் முறிஞ்சுதா? இல்ல. கோயிலுக்குப் போகேல்லையே எண்ட கவலை இருந்தது, அதை நான் மறைக்கேல்ல, சூரன் விழேக்க கூட்டத்தோட அரோகரா சொல்லுற மாதிரி ஹோலுக்குள்ள சொல்ல வராது.

கத்தோலிக்க ஆக்களை நினைச்சா எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கும். அவைக்கு இது கொரோனாவோட தொடங்கினதில்ல. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சியோன் சேர்ச், ஹோட்டல்கள் எண்டு குண்டு வெடிச்சு 250 பேருக்கு மேல போச்சினம். அடுத்த ஞாயிறு தேவாலயங்கள் பூட்டு, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தன்ட இல்லத்தில வச்சுப் பூசை ஒப்புக்கொடுத்ததை சனம் டிவியிலதான் பாத்தது. அடுத்த வருசம் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12, திரும்பவும் வீட்டுக்குள்ள. கொட்டாஞ்சேனையில என்ட சிநேகிதி வீட்டில பெரிய வெள்ளியண்டு பிள்ளையள் பழைய கொப்பி மட்டையில சிலுவைப்பாதை 14 நிலையையும் கீறி, குசினிச் சுவர்ல இருந்து முன்கதவு வரைக்கும் வரிசையா ஒட்டி, குடும்பமா ஒவ்வொண்டுக்கும் முழந்தாள்படியிட்டுச் செபம் சொன்னவையாம். டிவிப் பூசையில நற்கருணையை மனசால வாங்குற செபம் சொல்லேக்க அவள்ட அம்மா ஒவ்வொரு முறையும் அழுவாவாம், ஆனா ஒருநாளும் டிவியை நிப்பாட்டச் சொல்லேல்ல. குண்டு வெடிச்ச முதலாம் ஆண்டு நினைவையும் அவை வீட்டுக்குள்ள விளக்கேத்தித்தான் அனுட்டிச்சவை. இந்த ஆக்களைப் பாத்து விசுவாசம் குறைஞ்சு போச்சு எண்டு ஆர் சொல்லுறது?

பக்கத்து பிளட் நானா வீட்டு நோன்பையும் சொல்லவேணும். 2020 மார்ச் நடுப்பகுதியிலயே முஸ்லிம் மார்க்க அறிஞர்கள்ட சபையான ஜம்இய்யத்துல் உலமா ஜும்ஆவையும் கூட்டுத் தொழுகையையும் நிறுத்தச் சொல்லிப்போட்டுது, வெள்ளிக்கிழமையில ஜும்ஆவுக்குப் பதிலா வீட்டில நாலு ரக்அத் லுஹர், அதாவது வழமையான மத்தியானத் தொழுகை. ஏப்ரல் கடைசியில நோன்பு தொடங்க, பள்ளியில கஞ்சி இல்ல, தராவீஹ் எண்ட நோன்பு மாச இரவுத் தொழுகையும் இல்ல. அவையட மூத்த மகன் குர்ஆனை மனனம் செய்துகொண்டிருந்த பெடியன், அந்த மாசம் முழுக்க வாப்பாவையும் பின்னால நிப்பாட்டி அவன்தான் தொழுவிச்சவன். சுவருக்கு அங்கால அவன் ஓதுற சத்தம் எங்கட ஹோலுக்குக் கேக்கும், முதல் நாள்கள்ல நடுங்கி நடுங்கி ஓதினவன், பெருநாள் வரேக்க நல்லாத் தேறிட்டான். மே 24 நோன்புப் பெருநாளண்டும் நாடு முழுக்க ஊரடங்கு, அண்டைக்கும் வீட்டுக்குள்ளதான் தொழுதவை, வட்டிலப்பம் மட்டும் எங்கட கதிரைக்கு வந்துட்டுது.

நானாட்ட நான் கேட்டன், பள்ளிக்குப் போகாம இருக்கிறது உங்களுக்குப் பெரிய குற்றமில்லையா எண்டு. அவர் சொன்னார், கடும் மழை குளிர் இரவுகள்ல வீட்டிலயே தொழுங்கோ எண்டு பாங்கோட சேத்துச் சொல்லச் சொன்னது நபியவர்களே எண்டு, குவைத்தில கொரோனா நேரம் அப்பிடித்தான் பாங்கு சொன்னவை. கொள்ளைநோய் இருக்கிற ஊருக்குப் போகாதேங்கோ, இருக்கிற ஊர்ல வந்தா வெளியேறாதேங்கோ எண்டும் நபிமொழி இருக்கு. கலீபா உமர் ஷாம் தேசத்துக்கு, அதாவது சிரியாப் பக்கம், போற வழியில கொள்ளைநோய் எண்டு கேள்விப்பட்டுப் படையோட திரும்பினவராம், இறைவன்ட விதியில இருந்து ஓடுறீங்களா எண்டு கேட்டதுக்கு, ஓம், அவன்ட ஒரு விதியில இருந்து அவன்ட இன்னொரு விதிக்குத்தான் போறன் எண்டாராம். இதைச் சொல்லேக்க நானாட முகத்தில ஒரு சந்தேகமும் இல்ல.

அந்த வருசம் வெசாக் மே 7ஆம் திகதி வந்துது, தோரணமும் இல்ல, சனத்துக்குச் சும்மா சாப்பாடு குடுக்கிற தன்சலும் இல்ல, சிங்கள ஆக்கள் வீட்டு வாசல்ல கூடு கட்டி, வெள்ளை உடுத்து வீட்டிலயே சில் எண்ட பௌத்த விரதம் எடுத்தவை.

இனி ஏன் பூட்டினது எண்டதுக்கு வாறன். அந்த ஐயா சொல்லுற மாதிரி ஆரோ ஒரு அதிகாரிக்கு கடவுள் நம்பிக்கை இல்லாததால பூட்டினதில்ல. 2020 பெப்ரவரியில தென்கொரியாவில டேகு எண்ட ஊர்ல ஒரு கிறிஸ்தவ சபையில இருந்துதான் அந்த நாட்டில முதல் பெரிய பரவல், பிரான்ஸில மூலூஸ் ஊர்ல ஒரு ஜெபக்கூட்டம், மலேசியாவிலயும் டில்லியிலயும் தப்லீக் எண்ட முஸ்லிம் மார்க்கக் கூட்டங்கள், அடுத்த வருசம் ஹரித்வார்ல கும்பமேளா. எங்கட யாழ்ப்பாணத்திலயே அரியாலையில சுவிஸ்ல இருந்து வந்த போதகர் நடத்தின ஆராதனைக்குப் பிறகுதான் முதல் நோயாளியள். ஒரு சமயமும் தப்பேல்ல, அதால ஒரு சமயத்தைக் கை காட்டவும் ஆருக்கும் உரிமை இல்ல. அமெரிக்காவில வாஷிங்டன் மாநிலத்தில 2020 மார்ச் மாசம் ஒரு பாடகர் குழு 61 பேர் சேர்ச் ஹோல்ல கூடிப் பாடிப் பழகினவை, 50 பேருக்கு மேல நோய் வந்து ரெண்டு பேர் செத்துப்போச்சினம். வாய் திறந்து சத்தமாப் பாடேக்க மூச்சில வாற நுண்துளி பூட்டின இடத்தில காத்தில கனநேரம் நிக்கும், அதுதான் காரணம். எங்கட பஜனை, தேவாரம், திருப்புகழ், கூட்டமா அரோகரா, இதெல்லாம் அதே கணக்குத்தான். முன்னுக்கு இருந்து பாடுறது ஆர், பிள்ளையளும் வயசு போன அம்மாமாரும்தான். அவையைக் காப்பாத்தத்தான் கதவைச் சாத்தினது, இதில தெய்வ நிந்தனை எங்க இருக்கு?

ஆனா ஒண்டு, கோவப்பட ஒண்டுமே இல்ல எண்டு நான் சொல்ல வரேல்ல. கன விசயம் இருக்கு, அந்த ஐயாட கோவம் போகவேண்டிய இடம் அதுகள்தான். 2020 ஓகஸ்ட் 5 பொதுத் தேர்தல், அதுக்கு ஊர் ஊராக் கூட்டம் வைக்க ஏலும், திருவிழாவுக்கு மட்டும் தலை எண்ணினவை, சனத்துக்கு வயிறு எரியாம என்ன செய்யும். அதைவிட எனக்குப் பெரிய வேதனை, ஒரு கோயில்ல, பேர் எழுத விரும்பேல்ல, பக்தர்கள் வரவேண்டாம் எண்டு போர்ட் தொங்கவிட்ட அதே நாள் பின்வாசலால செல்வாக்கான ஆக்கள்ட வாகனம் வந்து நிண்டது, குடும்பமா உள்ளுக்குப் போய் அருச்சனை செய்துகொண்டு போச்சினம், வெளியில கேட்டடியில நிண்ட சனம் பாத்துக்கொண்டு நிண்டது. கதவு எல்லாருக்கும் பூட்டினா அது நோய்க்குப் பயந்த ஒழுங்கு, எங்களுக்கு மட்டும் பூட்டினா அது வேற. அவமதிப்பு எண்டா இதைச் சொல்லுங்கோ, நானும் சேந்து கத்துறன்.

அதைவிடப் பெரிய பாவம் எண்டு நான் நினைக்கிறது ஜனாசா விசயம், அதாவது முஸ்லிம் ஆக்கள்ட பிரேதங்களை அடக்கிற விசயம். நோன்பு மாசம் முழுக்க பள்ளியை விட்டு வீட்டில தொழுத சமூகம், சொன்ன ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் கேட்ட சமூகம், அவைக்கு இந்த நாடு என்ன செய்தது? 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி போட்டு, கொரோனாவில செத்த எல்லாரையும் எரிக்கத்தான் வேணும் எண்டது. அடக்கம் செய்யலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேக்கேல்ல. அந்த டிசம்பர்ல இருபது நாள் பச்சைக் குழந்தையை எரிச்சவை, அதுக்குப் பிறகு கொழும்புப் பொரளை கனத்தைச் சுடுகாட்டு வேலியில எல்லா இனத்துச் சனமும் வந்து வெள்ளைத் துணி கட்டினது. 2021 பெப்ரவரி கடைசியிலதான் அந்த விதியை எடுத்தவை, பிறகும் கொழும்பில செத்தவையை அடக்க கிழக்கில இருக்கிற ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024ல அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது, கேட்டதோட அது முடிஞ்சு போகுமா எண்டு அந்த வீடுகள்லதான் கேக்கவேணும். நாங்கள் இந்துக்கள் எரிக்கிற ஆக்கள், எங்களுக்கு அது வலிக்கேல்ல, அதால கன பேர் பேசாம இருந்திட்டம். எங்கட சாம்பலைக் கடல்ல கரைக்க விடேல்லையெண்டா, செத்தவைக்குச் செய்யிற எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்ய விடேல்லையெண்டா எப்பிடித் துடிச்சிருப்பம்?

மற்றது தனிய இருக்கிற பெரியாக்கள். வெள்ளவத்தை பம்பலப்பிட்டிப் பக்கம் மாடி மாடியா இருக்கினம், பிள்ளையள் ரொறன்ரோவிலயும் லண்டன்லயும். மேல்மாடி அன்ரிக்கு வெள்ளிக்கிழமை கோயில் எண்டது சாமி கும்பிடுறது மட்டுமில்ல, கிழமையில ஒருக்கா நாலு ஆக்களோட கதைக்கிற இடம். அவவுக்கு ஸ்மார்ட் போன் பாவிக்கத் தெரியாது, யூடியூப்ல நல்லூர்த் தேர் போகுது எண்டா அவவுக்கு அதால என்ன? கோயிலுக்குப் போன் எடுத்தா ஒருத்தரும் தூக்கேல்ல. கடைசியில எங்கட மகள் படியில ஏறிப்போய்க் கதவடியில மாஸ்க்கோட நிண்டு தன்ட போன்ல தீபாராதனையைக் காட்டினவள், அன்ரி உள்ளுக்குக் கதிரையில இருந்து ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டா. இப்பிடிப் பிள்ளை இல்லாத மாடியள்ல என்ன நடந்திருக்கும்? நாதஸ்வரம் தவில் வாசிக்கிறவை, மாலை கட்டுறவை, சாத்துப்படி செய்யிறவை, திருவிழா இல்லாட்டி அவைக்கு அடுப்பே எரியாது, அவையைப் பற்றியும் கோயில் நிர்வாகங்கள்ல கன பேர் யோசிக்கேல்ல.

அதால நான் கேக்கிறது இதுதான். அடுத்த முறை பூட்டுறதா இல்லையா எண்டு இப்ப சண்டை பிடிக்கிறதை விட்டிட்டு, பூட்டவேண்டி வந்தா என்ன செய்யிறது எண்டு கோயில், பள்ளி, சேர்ச் எல்லாத்திலயும் இப்பவே எழுதி வைக்கட்டும், அனுபவப்பட்ட ஆக்கள் உயிரோட இருக்கேக்கயே. தனிய இருக்கிற அடியார்கள்ட பேரும் வீட்டு நம்பரும் ஒரு கொப்பியில இருக்கட்டும், வெள்ளிக்கிழமையில ஆராவது ஒராள் போன் எடுத்து எப்பிடி இருக்கிறீங்கள் அம்மா எண்டு கேட்டாப் போதும். விபூதி குங்குமம் கொண்டுபோய்க் குடுக்க அந்தந்த ஒழுங்கையில ஒரு பெடியன். போன் இல்லாதவைக்கு ரேடியோவில பூசை நேரம். நாதஸ்வரக்காரருக்கு உண்டியல்ல இருந்து மாசம் ஏதும் ஒரு தொகை. பின்வாசல் ஒருத்தருக்கும் திறக்கிறேல்ல எண்டு அதையும் எழுத்தில போடவேணும், முதல் வரியாப் போட்டாலும் சரி. செத்தவையை அவையவை சமயப்படி அனுப்பி வைக்கிற உரிமையில ஆரும் கை வைக்க ஏலாத மாதிரி சட்டமும் வரவேணும், அதை எங்கட தமிழ் எம்பிமார் முஸ்லிம் எம்பிமாரோட சேந்து கேக்கவேணும், இது அவைட பிரச்சினை எண்டு விடக்கூடாது.

ஆசிரியர் ஐயா, உங்கட பத்திரிகையில ஞாயிற்றுக்கிழமைகள்ல அரைப் பக்கம் இதுக்கு ஒதுக்கேலுமா எண்டு பாருங்கோ. அந்த ரெண்டு வருசமும் தங்கட வீட்டில என்னென்ன செய்தவை எண்டு வாசகர்களை எழுதச் சொல்லுங்கோ, எல்லாச் சமயத்து ஆக்களும். மாமியிட்ட மருத்துநீர்க் கணக்கை முழுசா எழுதி வாங்கிப்போட்டன், முதல் ஆளா நான் அனுப்புறன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.